ஈடில்லாதவரும் சிறுதொழில் உதவியும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவுசெய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், சங்கத்தின் துணைகொண்டு படித்து உயர்ந்தோரின் பட்டியலை எடுத்து நோக்கும்போது உள்ளம் பூரிக்கின்றது. ஆசிரியர்கள் இருக்கின்றனர், செவிலியர், காவல் துறையினர், வருவாய்த் துறை அலுவலர், வங்கி எழுத்தர் எனப் பலர் இருக்கின்றனர். மருத்துவர்களும் சிலர் உளர். ஆனால் 'சொந்தத் தொழில்' என்று பெயருக்கு எதிரே எழுதத்தக்கவர் விரல்விட்டு எண்ணக்கூடியவரே. அவர்களிலும் பலர் தம் இரு கைகளையே முதலாகக் கொண்டு தையற்கடை, தேநீர்க்கடை, வண்டி பழுதுபார்க்கும் பட்டறை முதலியன நடத்துவோர். பத்துப் பேருக்கு வேலை கொடுத்து, மாதம் பிறந்தால் ஊதியம் வழங்கும் நிலையில் இருப்போர் யார் என்று தேடவேண்டியுள்ளது.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2015-16இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73ஆம் சுற்று, நாட்டில் ஏறத்தாழ 6 கோடியே 34 இலட்சம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் உள்ளன என்று மதிப்பிட்டது. அவற்றுள் குறுந்தொழில்களில் பட்டியல் சாதியினர்க்கு உரியவை 12.48 விழுக்காடு. சிறுதொழில்களில் 5.50 விழுக்காடு. நடுத்தரத் தொழில்கள் என்னும் வரிசையில் 0.00 என்று அச்சிடப்பட்டுள்ளது. மாதிரிக் கணக்கெடுப்பு ஆதலின், நாடு முழுவதும் ஒருவர்கூட இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கணக்கில் தென்படும் அளவிற்கு இல்லை என்பதே பொருள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டு மக்களுள் நம்மவர் 16.6 விழுக்காட்டினர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதற்படியில் ஓரளவு நிற்கின்றோம். இரண்டாம் படியில் அருகிவிடுகின்றோம். மூன்றாம் படியில் காணப்படவில்லை.

உழைப்பில் குறைவு என்று எவரும் சொல்லத் துணியார். கைத்திறனில் குறைவு என்பதற்கும் இடமில்லை. தோல் பதனிடுதல், பறை கட்டுதல், கட்டடம் கட்டுதல், செங்கல் அறுத்தல், பாய் பின்னுதல் ஆகிய தொழில்களில் நம் முன்னோர் காட்டிய திறனை யாவரும் அறிவர். அரசினர் உதவியே இல்லை என்பதும் சரியன்று. சிறுதொழிலுக்கு உதவுவதில் வளரும் நாடுகளுள் இந்தியா முற்பட்டே நின்றது. பின் தடை எங்கே? கடந்த நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், எல்லா உதவிக்கும் முன்னால் ஒரே கேள்வி நிற்பதைக் காணலாம். 'ஈடு என்ன வைத்திருக்கிறாய்?' என்பதே அக்கேள்வி. நிலமும் வீடும் நகையும் உடையவனுக்கு அது வெறும் சடங்கு. பரம்பரையாக நிலம் மறுக்கப்பட்டவனுக்கு அதுவே பூட்டிய கதவு. அந்தக் கதவைத் திறக்க எங்கெங்கே, எவ்வெவ்வாறு முயன்றனர் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை மாகாணத்தில் தொடக்கம்

சிறுதொழில்களை அரசே முன்னின்று வளர்க்கலாம் என்னும் எண்ணம் இந்தியாவில் முதன்முதல் வலுப்பெற்ற இடங்களுள் ஒன்று நம் சென்னை மாகாணம். பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அது நன்கு நடந்து, பின்னர்த் தனியார் கைக்கு மாறிற்று. அடுத்து அவர் குரோம் முறையில் தோல் பதனிடுவதை மேற்கொண்டார். மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழைய முறைக்கு மாறாக, குரோமிய உப்புக் கொண்டு விரைவில் பதனிடுவது அது. அத்தோல் நீரில் எளிதில் கெடாது. ஆகவே கிணற்றில் கவலை இறைக்கும் சாலுக்கும் செருப்புக்கும் ஏற்றதாயிற்று. 1908இல் உதகமண்டலத்தில் நடந்த தொழில் மாநாட்டைத் தொடர்ந்து சென்னை அரசு தொழில் துறை ஒன்றையும் அமைத்தது.

இதனைக் கண்டு ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். அரசு வணிகத்தில் இறங்கித் தங்களோடு போட்டியிடுகின்றது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இலண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910இல் அனுப்பிய ஆணை, தொழிற்கல்வி புகட்டலாம், ஆனால் அரசின் பணத்தைக் கொண்டு தொழில் நடத்தலாகாது என்று வரையறுத்தது. குரோம் தோற்பட்டறை கைமாறிற்று. முதலாம் உலகப்போர் வந்து, வெளிநாட்டுப் பொருள் வரத்து நின்றபோதுதான் அரசினர் கண் திறந்தது. 1916இல் இந்தியத் தொழிற் கமிஷன் அமைந்தது. 1922ஆம் ஆண்டின் சென்னைத் தொழில் உதவிச் சட்டம், தொழில் தொடங்குவோர்க்கு அரசே கடன் கொடுக்கலாம் என்று விதித்தது. அத்தகைய சட்டங்களுள் இந்தியாவில் முதலாவது இதுவே. பிற மாகாணங்கள் பின்பற்றின.

ஆயின் அச்சட்டப்படி கடன் பெறுவோர் சொத்தை ஈடு காட்ட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, குரோம்பேட்டை ஆகிய இடங்களின் தோற்கிடங்குகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர் யார்? தோலை வாங்கி விற்ற வணிகர் யார்? தொட்டியில் நின்றவரிடம் தொழில் இருந்தது, சொத்து இல்லை. சட்டம் தொழிலைக் கேட்கவில்லை, சொத்தைக் கேட்டது.

இங்கு இளைஞர்கள் ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892இல் சென்னை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழங்குவது அதுவே. அந்நிலத்தைப் பிற வகுப்பினர்க்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்று நிபந்தனை விதித்தனர். நிபந்தனை நன்னோக்கம் உடையது. அது இல்லாதிருந்தால் எஞ்சிய நிலமும் நம்மிடம் தங்கியிராது. ஆனால் விற்கமுடியாத நிலத்தை எந்த வங்கி ஈடாக ஏற்கும்? நிலத்தைக் காத்த வேலியே கடனைத் தடுத்த வேலியும் ஆயிற்று. அரசு வழங்கும் இலவச மனைப்பட்டாவிற்கும் இச்சிக்கல் உண்டு. நம்மிடம் நிலம் இருந்த இடத்திலும் அது ஈடாகவில்லை என்னும் இந்நுட்பத்தைப் பொருளியல் நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அண்ணல் கண்ட வழி

அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். வயல்கள் துண்டு துண்டாக இருப்பதே வறுமைக்குக் காரணம், அவற்றை ஒன்று சேர்த்தால் போதும் என்று அந்நாளைய அறிஞர் பலர் கூறிவந்தனர். அண்ணல் அதனை மறுத்தார். நிலத்தை நம்பி வாழ்வோர் தொகை மிகுதி, அவர்களுள் பலருக்கு முழு வேலை இல்லை, அவர்களை நிலத்தினின்று விடுவித்து ஈர்த்துக்கொள்ளத் தொழில்கள் பெருக வேண்டும் என்பது அவர் முடிவு. தொழில்வளர்ச்சியே உழவுச் சிக்கலுக்கும் மருந்து என்று இருபத்தேழு வயதில் எழுதியவர் அவர்.

அதே காலத்தில் அவர் தாமே ஒரு தொழில் தொடங்கினார் என்பதை நம்மில் பலர் அறியார். அமெரிக்காவிலும் இலண்டனிலும் பொருளியல் கற்றுத் திரும்பிய அவர், பரோடாவில் தங்க இடமின்றி அவமதிக்கப்பட்டுப் பம்பாய் வந்தபின், பங்கு வாங்கி விற்போர்க்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார். அறிவு தேடி வந்தவர்கள், அவர் தீண்டப்படாத வகுப்பினர் என்று அறிந்தவுடன் வருவதை நிறுத்திக்கொண்டனர், நிறுவனம் நின்றுபோயிற்று. இங்கே கடன் கிடைக்காதது காரணமன்று, திறன் குறைவும் காரணமன்று. வாங்குவோர் வரவில்லை. ஈடு ஒரு பூட்டு என்றால் சந்தை மற்றொரு பூட்டு. பிற்காலத் திட்டங்கள் முதற்பூட்டைத் திறக்கப் பல சாவிகளைச் செய்தன. இரண்டாம் பூட்டை நெடுங்காலம் தொடவே இல்லை.

இயந்திரமே ஈடு

விடுதலைக்குப் பின் நேரு அரசு, அமெரிக்க போர்டு அறக்கட்டளையின் வாயிலாக வல்லுநர் குழு ஒன்றை வரவழைத்துச் சிறுதொழில் நிலையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 1954இல் சிறுதொழில் வளர்ச்சி அமைப்பும், 1955இல் தேசியச் சிறுதொழிற் கழகமும் தோன்றின. அவ்வாண்டே கார்வே குழு, சிற்றூர்த் தொழில்களையும் சிறுதொழில்களையும் திட்டத்தின் உறுப்பாக்கி அறிக்கை தந்தது.

தேசியச் சிறுதொழிற் கழகத்தின் தவணைமுறை இயந்திரத் திட்டத்தை நான் மிக உயர்வாக மதிக்கின்றேன். தொழில் தொடங்குபவர் விலையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டுவார். கழகம் கடைசல் இயந்திரத்தையோ அச்சு இயந்திரத்தையோ வாங்கி அவர் பட்டறையில் நிறுத்தும். கடைசித் தவணை கட்டும்வரை இயந்திரம் கழகத்திற்கே சொந்தம். அஃதாவது, இயந்திரமே தனக்குத் தான் ஈடு! நிலம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. இதனோடு தொழிற்பேட்டைகளும் எழுந்தன. காமராசர் முதலமைச்சராகவும் இரா. வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை அமைந்தது. மின்னிணைப்பும் தண்ணீரும் சாலையும் உள்ள கட்டடத்தை வாடகைக்குப் பெறலாம் என்பது, சொந்த இடம் இல்லாதவனுக்குப் பெரும் வாய்ப்பு.

வாய்ப்பைப் பயன்படுத்தியோர் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே வணிகத்திலோ ஆலை வேலையிலோ கால் ஊன்றியிருந்த வகுப்பினர். முன்பணம் கட்ட உறவினரிடம் கைமாற்று வாங்க முடிந்தது. விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல மாமனோ மைத்துனனோ இருந்தான். நம்மவர்க்கு அந்நாளில் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லவே ஆள் இல்லை. கல்வி இல்லாத இடத்தில் நல்ல திட்டமும் பயன் தருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

1967 முதல் சில பொருள்களைச் சிறுதொழிலாளரே உற்பத்தி செய்யவேண்டும் என்று அரசு ஒதுக்கத் தொடங்கியது. 47 பொருள்களோடு தொடங்கிய பட்டியல் 800க்கு மேல் வளர்ந்தது. பின்னர்ச் சிறிது சிறிதாகச் சுருங்கி, 2015இல் கடைசி 20 பொருள்களும் நீக்கப்பட்டன. இதன் நன்மை தீமை பற்றிப் பொருளியலார் இன்றும் வாதிடுகின்றனர். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே: அவ்வொதுக்கீடு தொழிலின் அளவைப் பார்த்தது, தொழில் நடத்துபவனைப் பார்க்கவில்லை.

வங்கியின் வாசல்

1969 ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1972இல் வந்த வேறுபட்ட வட்டித் திட்டத்தின்படி, ஏழைகளுக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் தரவேண்டும். வங்கிகள் தம் மொத்தக் கடனில் 1 விழுக்காட்டை இதற்கு ஒதுக்கவேண்டும். அதிலும் 40 விழுக்காடு பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் சேரவேண்டும் என்பது விதி. விதி அழகியது, தொகைதான் மிகச் சிறிது. 1974இல் தமிழக அரசு இன்று தாட்கோ எனப்படும் கழகத்தை நிறுவிற்று. வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தோன்றிய அது, பின்னர்ப் பொருளாதார உதவிகளையும் மேற்கொண்டது. 1989இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கான தேசிய நிதி வளர்ச்சிக் கழகம் டில்லியில் அமைந்தது.

இவற்றால் பயன் பெற்ற குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டு, நன்றி மறக்கலாகாது. ஆயினும் இத்திட்டங்களின் உள்ளமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். கழகம் தருவது மானியமும் விளிம்புத்தொகையும். கடனின் பெரும்பகுதி வங்கியுடையது. ஆகவே முடிவு செய்பவர் வங்கி மேலாளர். கழகம் பரிந்துரைத்த மனு வங்கி மேசையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கதைகளை எல்லா மாவட்டத்திலும் கேட்கலாம். மேலும், பல்லாண்டு காலம் இத்திட்டங்கள் ஒரு கறவை மாட்டையோ நான்கு ஆடுகளையோ கையில் கொடுத்துவிட்டு அதனைத் தொழில் என்று பதிவு செய்தன. மாடு பால் கொடுக்கும். ஆனால் தீவனமும் மருத்துவமும் பால் வாங்கும் சங்கமும் இல்லாத இடத்தில் மாடு கடனாகவே முடியும்.

இதே காலத்தில் அண்டை நாடான வங்காளதேசத்தில் வேறொரு சோதனை நடந்தது. 1971இல் விடுதலை பெற்று, 1974இல் கொடிய பஞ்சத்தைக் கண்ட நாடு அது. சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் பக்கத்திலிருந்த ஜோப்ரா என்னும் சிற்றூரில் விசாரித்தபோது, மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள், மூங்கில் வாங்கப் பணமின்றி வணிகரிடம் முன்பணம் பெற்று, செய்த பொருளை அவ்வணிகர் சொன்ன விலைக்கே கொடுப்பதைக் கண்டார். 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 27 அமெரிக்க டாலர்தான். தம் பணத்தையே கொடுத்தார், திரும்பி வந்தது. ஐவர் கொண்ட குழு, வாரந்தோறும் கூட்டம், சிறு சிறு தவணை என்னும் முறை அதிலிருந்து வளர்ந்து, 1983இல் கிராமின் வங்கியாக உருப்பெற்றது. ஈட்டின் இடத்தில் அவர் வைத்தது, ஒருவரை ஒருவர் அறிந்த அயலாரின் நம்பிக்கை. 2006இல் நோபல் அமைதிப் பரிசு அவருக்கும் வங்கிக்கும் சேர்ந்தே கிடைத்தது.

நம் மாநிலத்தில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு பெண்களின் தன்னுதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1992 முதல் நபார்டு வங்கி இக்குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. நம் தாய்மாரும் சகோதரிகளும் முதன்முதலாக வங்கிக்குள் நாற்காலியில் அமர்ந்தது இக்குழுக்களின் வழியே என்றால் மிகையாகாது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆந்திரத்தில் தனியார் சிறுகடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்குப் பல கடன்களைத் திணித்து, வசூலில் கொடுமை செய்து, தற்கொலைகள் நிகழ்ந்ததால் 2010இல் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. குழுக்கடன் வயிற்றுப்பாட்டிற்கு உதவும். இயந்திரம் வாங்கிப் பத்துப் பேரை வேலைக்கு வைக்கும் அளவுக்கு அது நீளாது. குறுந்தொழிலில் 12.48 என்றும் சிறுதொழிலில் 5.50 என்றும் மேலே கண்ட எண்களுக்கு இடையிலுள்ள பள்ளம் இதுவே. அப்பள்ளத்தைக் கடக்க 2000இல் மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்தின. ஈடு வாங்காமல் கொடுத்த கடன் வாராமற்போனால், இழப்பின் பெரும்பகுதியை அந்நிதி ஏற்கும். 10 இலட்சம் ரூபாய் வரையிலான குறு, சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010இல் வங்கிகளுக்குக் கட்டளையும் இட்டது. இவ்விதிகளை அறியாமல், கேட்ட இடத்தில் தலை கவிழ்ந்து திரும்பிய இளைஞர் எத்தனை பேரோ!

ஆக்ராவின் சீட்டு

இனி இரண்டாம் பூட்டாகிய சந்தைக்கு வருவோம். இதனை விளக்க ஆக்ரா நகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்நகரின் ஜாதவ் மக்கள் நம்மைப் போன்று ஒடுக்கப்பட்டவர்கள். தோற்செருப்புத் தொழிலைத் தம் கையில் கொண்டவர்கள். அமெரிக்க மானிடவியலார் ஓவன் லிஞ்ச் 1969இல் வெளியிட்ட நூல் அவர்களைப் பற்றியதே. அண்ணலைத் தலைவராக ஏற்று, அரசியலில் விழிப்புற்று, தம் வீடுகளிலேயே பட்டறை வைத்து உற்பத்தியாளராக நின்ற சமூகம் அது. ஈடில்லாமலே தொழிலுக்கு உரிமையாளர் ஆகிவிட்டனர். ஆயின் செருப்பை வாங்கும் மொத்த வணிகர்கள் பிற வகுப்பினர். உற்பத்தியாளர் மாலையில் சரக்கோடு ஹிங் கி மண்டி என்னும் சந்தைக்குச் சென்றால், வணிகர் பணம் தருவதில்லை. 'பர்ச்சி' என்னும் சீட்டுத் தருவார். இத்தனை ரூபாய், இத்தனை மாதம் கழித்து என்று அதில் எழுதியிருக்கும். மறுநாள் தோல் வாங்கவும் கூலி கொடுக்கவும் காசு வேண்டுமே! சீட்டைத் தரகரிடம் கொடுத்து, கழிவு போக மீதியைப் பெற்று வருவார். அஃதாவது, ஏழை உற்பத்தியாளர் செல்வ வணிகருக்குக் கடன் கொடுத்து, அதற்கு வட்டியையும் தாமே கட்டினார். சோவியத் நாட்டு ஏற்றுமதி நடந்த காலத்தில் சிலர் தலையெடுத்தனர். 1991இல் அந்நாடு சிதைந்தவுடன் அச்சந்தையும் போயிற்று.

பர்ச்சி ஆக்ராவின் சொல். வழக்கமோ நாடெங்கும் உள்ளது. சரக்கை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் இழுத்தடிப்பது பெரிய நிறுவனங்களின் இயல்பு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் இட்டது. ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும். இழுத்தடிப்போர் மீது வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். உரிய காலத்தில் தராத தொகையை அவ்வாண்டுச் செலவாகக் காட்டமுடியாது என்று வருமானவரி விதியும் 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வுரிமை, பதிவு செய்துகொண்ட தொழிலுக்கே உண்டு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை; ஆதார் எண் வேண்டும். இதைச் செய்யாமல் தொழில் நடத்துவது பிறப்புச் சான்று இல்லாமல் பிள்ளை வளர்ப்பதை ஒக்கும்.

அரசே பெரிய வாங்குவோர் என்பதை உணர்ந்தோர், 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் மாநாட்டில், அரசு கொள்முதலில் நமக்கும் பங்கு வேண்டும் என்று வற்புறுத்தினர். 2005இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்தியத் தொழில் வணிகக் கழகத்தைத் தொடங்கினார். 2012இல் மத்திய அரசு பிறப்பித்த கொள்முதல் ஆணை, பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறுதொழில்களிடம் வாங்கவேண்டும், அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி உரிமையாளரிடம் வாங்கவேண்டும் என்றது. மொத்தப் பங்கு 2018இல் 25 ஆக உயர்ந்தது; நம் 4 அப்படியே நின்றது. நடைமுறையில் பல ஆண்டுகள் அது 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. விற்பதற்கு நம்மவர் போதிய அளவில் இல்லை என்கின்றனர் நிறுவனத்தார். ஒப்பந்தப்புள்ளி கோரும்போது கேட்கும் முன்னனுபவமும் ஆண்டு வரவுசெலவும் புதியவனை வெளியே நிறுத்துகின்றன என்கின்றனர் நம்மவர். இரண்டிலும் உண்மை உண்டு; எனினும் இரண்டாவதே மூலம்.

இத்தகைய ஒதுக்கீட்டில் ஒரு பள்ளம் இருப்பதை மலேசிய வரலாறு காட்டுகின்றது. 1969 மே மாதக் கலவரத்திற்குப் பின், 1971இல் அந்நாட்டரசு புதிய பொருளாதாரக் கொள்கையை வகுத்து, தொழிற்பங்குகளில் 2.4 விழுக்காடே வைத்திருந்த மலாய் முதலிய மண்ணின் மக்களுக்கு 1990க்குள் 30 விழுக்காடு என்று குறி வைத்தது. பங்கு உயர்ந்தது உண்மை. ஆனால் 'அலி பாபா' என்றொரு வழக்கும் தோன்றியது. உரிமம் அலியின் பெயரில், தொழில் பாபாவின் கையில். அலிக்கு மாதம் ஒரு தொகை. தென்னாப்பிரிக்காவிலும் 2003ஆம் ஆண்டின் கறுப்பின மக்கள் பொருளாதார வலுவூட்டல் சட்டத்தை ஏய்க்க இப்படியே பினாமி நிறுவனங்கள் தோன்றின. 2013இல் சட்டத்தைத் திருத்தி, பத்தாண்டு வரை சிறை என்று விதித்தனர். நம் பெயரில் பெட்ரோல் பங்க்கும் எரிவாயு முகவாண்மையும் எடுத்துப் பிறர் நடத்தும் செய்தி இங்கும் காதில் விழாமல் இல்லை. கையெழுத்துக்கு மாதம் சில ஆயிரம் என்று எவரேனும் அணுகினால், அவர் கேட்பது உங்கள் சாதிச் சான்றிதழை. தொழிலை அவர் உங்களுக்குக் கற்றுத்தரப் போவதில்லை.

2023இல் தமிழக அரசு, அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தொகையில் 35 விழுக்காடு, உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய், மானியம்; வட்டியிலும் 6 விழுக்காடு சலுகை. மாட்டிலிருந்து இயந்திரத்திற்கு வந்த திட்டம் என்று இதனைச் சொல்வேன். மனு மாவட்டத் தொழில் மையத்திற்குச் செல்லும். மீதிக் கடனுக்கு வங்கியிடமே செல்லவேண்டும். ஆகவே திட்ட அறிக்கை, மூன்று இடங்களில் பெற்ற விலைப்புள்ளி, வாங்குவோரின் கடிதம் ஆகியவற்றை முன்பே திரட்டிக்கொண்டு செல்பவரின் மனு நிற்கும். மேலாளர் ஈடு கேட்டால், உத்தரவாத நிதியின்கீழ் ஏன் தரலாகாது என்று எழுத்தில் கேட்கவேண்டும். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் விடை சொல்லவேண்டிய கடமை உண்டு.

என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புக் கற்ற மாணவர் ஒருவர், பள்ளிகளுக்கான இரும்பு மேசை, பெஞ்சு செய்யும் பட்டறையைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகின்றார். சரக்கை வாங்கிய தனியார் நிறுவனம் ஒன்று ஏழு மாதம் பணம் தரவில்லை. அலைந்து களைத்தவர் என்னிடம் வந்தபோது, இருவரும் அமர்ந்து 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்து, வசதியாக்க மன்றத்திற்கு மனு எழுதினோம். அறிவிப்புச் சென்ற மூன்றாம் வாரம் அசல் தொகை வங்கிக் கணக்கில் ஏறிற்று. வட்டி தரமுடியாது என்று அந்நிறுவனம் மறுத்துள்ளது. அது குறித்த விசாரணை இன்னும் நடைபெறுகின்றது. பட்டறையில் இப்போது ஆறு பேர் வேலை செய்கின்றனர்; அவர்களுள் இருவர் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படித்தவர்கள்.